டெஸ்ஸின் கொட்டகையில் ஒரே குரல்

சிரில் ஹாக்கெட்டுக்குக் காது கேட்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். தனக்கு மட்டுமே தெரியும் என்று டெஸ் நினைத்திருந்தார். சிரிலின் மனைவி எட்னாவும் அப்படித்தான். சிரிலோ யாருக்குமே தெரியாது என்று நம்பிக்கொண்டு, மாதம் ஒரு சனிக்கிழமை சட்டைக்கு டை கட்டி, அதன்மேல் நீல மேலங்கி மாட்டிக்கொண்டு, எங்களுக்குக் கிரேன் பிடிக்க வந்தார்.

அவரைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதுகிற அளவுக்குக் குற்றமுள்ளவள் நான்தான், அதனால் நான் எழுதுகிறேன்.

கிரேட்லி ஹீத் என்ற ஆங்கிலேயச் சங்கிலிப் பட்டறை ஊரில் பிறந்தவர். அப்பா வீட்டுக்குப் பின்னாலிருந்த உலையில் சங்கிலி அடித்தார், அம்மாவும் கூட நின்று அடித்தாள். பதினாலு வயதில் சிரில் பெரிய பட்டறைக்குப் போனார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டியை அச்சின்மேல் வைத்து, மேலேயிருந்து சம்மட்டியை விழவைத்து உருவம் எடுக்கிற பட்டறை. அந்தச் சம்மட்டியை எந்த மனிதனாலும் தூக்க முடியாது. இரண்டு டன் எடை, நீராவியில் ஏறும், விழும். அதன் பிடியைப் பிடித்தபடி முப்பத்தொன்பது வருஷம் நின்றார். அச்சின்மேல் ஒரு கோழிமுட்டையை வைத்தால், ஓட்டில் கீறல் மட்டும் விழுகிற மாதிரி சம்மட்டியை இறக்குவாராம். நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கை கிரேனின் வால்வைத் திருப்பியதைப் பார்த்திருக்கிறேன், அதனால் நம்புகிறேன்.

அங்கே யாரும் யாரோடும் காதால் பேசியதில்லை. பேசினாலும் கேட்காது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். அப்படியே முப்பத்தொன்பது வருஷம் போனால் காது எப்போது செத்தது என்று யாருக்குத் தெரியும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் பட்டறையைப் பூட்டினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் சிரில் வீட்டுக்கு வந்தார். ஊரில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான், அதனால் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

அவரைக் கொட்டகைக்குக் கூட்டி வந்தவர் டெஸ் பார்ஜிட்டர். பக்கத்து ஊரான ஓல்ட் ஹில்லில் வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டுக் கார் ரிப்பேர் செய்தவர். குரல் எட்டு வீடு தள்ளிக் கேட்கும். பழைய இரண்டு இருக்கை எம்.ஜி. கார் வைத்திருந்த எங்களைப் போன்ற ஒன்பது பைத்தியங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே கூடுவோம். யார் காருக்கு என்ன பிணி வந்தாலும் சேர்ந்து பார்ப்போம். சிரிலுக்குக் கார் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. எஞ்சின் தூக்குகிற டெஸ்ஸின் கிரேனைப் பார்த்தார், அழுத்தினால் ஏற்றும் பிடியையும் திறந்தால் இறக்கும் வால்வையும் தொட்டார், அன்றிலிருந்து அது அவருடையது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் முட்டாள்தனத்தால். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, தனிக்கட்டை, கையில் கொஞ்சம் காசு. சிவப்பு நிறத்தில் ஒரு அறுபத்தாறாம் வருஷக் காரைப் பார்த்து மயங்கிவிட்டேன். "வருஷத்துல முந்நூறு நாள் மழை பெய்யிற ஊருக்குக் கப்பலேறி வந்து, கூரையில்லாத கார் வாங்கின ஒரே ஆளு நீதான்" என்று டெஸ் முதல் நாளே சொன்னார். சௌந்தரவல்லி என்ற என் பெயர் வாயில் நுழையாமல் சாண்ட்ரா ஆனதும் அந்தக் கொட்டகையில்தான். நானும் விட்டுவிட்டேன். அவர்கள் கூப்பிட்ட குரலில் பிரியம் இருந்தது.

அந்தக் காரில் ஒரு வில்லங்கம் உண்டு. கிளட்ச் தேய்ந்தால் கிளட்சை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும், இரண்டையும் சேர்த்து முன்பக்கமாக மேலே எடுக்க வேண்டும். இருநூறு கிலோவுக்கு மேல் எடை. அதைச் சங்கிலியில் கட்டி, மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தரையைப் பார்க்க, குத்துச் சாய்வில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இந்தப் பக்கம் ஒரு விரற்கடை கூடினால் ஸ்டியரிங்கில் இடிக்கும், அந்தப் பக்கம் கூடினால் தகடு கிழியும். அதனால் டெஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார். எஞ்சின் தொங்க ஆரம்பித்துவிட்டால் கொட்டகையில் ஒருவர்தான் பேசலாம். அவர் சொல்வார், கிரேன் பிடிக்கிறவர் கேட்பார். மற்ற யாரும் வாயைத் திறக்கக் கூடாது, தும்மல் வந்தாலும் வெளியே போய்விட வேண்டும். பலர் கத்தினால் கை எந்தப் பக்கம் போகும்? சுவரில் சாக்கட்டியால் எழுதியே வைத்திருந்தார்: ஒரே குரல்.

அந்தக் குரல் டெஸ்ஸினுடையது. கேட்கிற காது சிரிலுடையது. இதைத்தான் நாங்கள் ஆறு வருஷம் நம்பினோம், இல்லை, நம்புகிற மாதிரி நடித்தோம்.

எனக்கு எண்பத்து நாலில் தெரிந்தது. தேநீர் கலக்கிக்கொண்டே, சிரிலின் முதுகுக்குப் பின்னாலிருந்து, சர்க்கரை எத்தனை என்று கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். பிறகு முன்னால் போய்க் கேட்டேன். "ரெண்டு போடு புள்ள, எப்பவும் போடுறதுதானே" என்றார். நான் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். இது என் பிழைப்பு. அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவரிடம் பேசுவதென்றால் சுற்றிக்கொண்டு முன்னால் போய்ப் பேசினேன், அவ்வளவுதான் செய்தேன்.

ஜெபக்கூடத்தில் பாட்டுப் பாடும்போது அவர் ஒரு சொல் பின்தங்கியே பாடுவார். மதுக்கடையில் ஜோக்குக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். வீட்டில் டெலிபோன் மணி அடித்தால் எட்னா தோட்டத்திலிருந்து ஓடி வருவாள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "அவருக்கு டெலிபோன்னா பிடிக்காது" என்பாள் எட்னா. நானும் ஆமாம், சிலருக்குப் பிடிக்காது என்பேன். டெஸ் முன்பெல்லாம் காரின் எந்தப் பக்கம் நின்றும் குரல் கொடுப்பார். எண்பத்து நாலோ ஐந்தோ, திடீரென்று இடது முன்சக்கரத்துக்கு மேலே, சிரிலுக்கு நேர் எதிரே நின்று கொடுக்க ஆரம்பித்தார். "இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். கொட்டகையிலேயே இருட்டு மூலை அதுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் என்று கேட்டால் பதில் இருக்கிறது. காது கேட்காதவர் கையில் அந்த எடையை யார் கொடுப்பார்கள்? சொல்லிவிட்டால் கிரேனை விட வேண்டும். கிரேனை விட்டால் சிரிலுக்கு என்ன மிச்சம்? காலையில் பேப்பர், மத்தியானம் தோட்டம், சாயங்காலம் ஜன்னல். மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமைதான் அவர் தேவைப்பட்ட நாள். எட்னா சொன்னாள், வெள்ளிக்கிழமை இரவே மேலங்கியைத் தேய்த்து நாற்காலியில் போட்டு வைப்பாராம். அதைப் பிடுங்க யாருக்கு மனம் வரும்? பதில் நல்ல பதில்தான். ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதி என்னவென்றால், அங்கே ஒருவர் குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்வது அசிங்கம். செத்தாலும் சொல்ல மாட்டார்கள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று நம் பக்கம் சொல்வார்கள், அங்கே ஊரே ஊமை.

எண்பத்தெட்டு அக்டோபரில் என் காருக்குக் கிளட்ச் போனது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்தும், கார் நகராது. அந்தச் சனிக்கிழமை மழை, நாலு பேர்தான் வருவதாக இருந்தது: டெஸ், சிரில், நான், ட்ரெவர். ட்ரெவர் வாய் திறக்காத பெரிய ஆள். எப்போதும் அவர்தான் காருக்கு அடியில் படுத்து கியர் பாக்ஸின் வாலைப் பார்த்துக்கொள்வார். அன்று அவர் வரவில்லை. மகளுக்குக் கல்யாணம், எங்களிடம் சொல்ல மறந்துவிட்டார்.

காலை முழுக்க வேலை நன்றாக நடந்தது. பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தோம். பாட்டரி, ரேடியேட்டர், கார்புரேட்டர் எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொரு ஒயரிலும் சிரில் துணிப்பட்டை கட்டி எண் எழுதினார். அவர் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் உள்ளே உட்கார்ந்து கியர் கம்பியை உருவினேன். டெஸ் அடியில் போய் எண்ணெயை வடித்தார், பின் சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கழற்றினார், கிளட்ச் சிலிண்டரை அவிழ்த்து ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டார். மதியம் ரொட்டிக்குள் பன்றி வறுவல் வைத்துச் சாப்பிட்டோம். சங்கிலி மாட்டியாயிற்று. இனி தூக்க வேண்டியதுதான்.

"ட்ரெவர் இல்லாம வாலை யாரு பாக்குறது?" என்றார் சிரில்.

"நானே கீழ போறேன்" என்றார் டெஸ்.

"அப்ப குரல்?"

"கீழயிருந்தே கொடுக்குறேன். என் தொண்டைக்கு என்னய்யா குறைச்சல்? கொட்டகை பூரா கேக்கும்."

"கேக்கும், கேக்கும்" என்றார் சிரில்.

டெஸ் என்னைப் பார்த்தார். நான் டெஸ்ஸைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தேநீரில் சர்க்கரை கரைகிற நேரம். அவருக்குத் தெரியும் என்று எனக்கும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். "இன்னைக்கு வேண்டாம், ட்ரெவர் வரட்டும்" என்றிருந்தால்கூடப் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

நான் சொன்னது இது: "இன்னொரு டீ போடட்டுமா?"

"அப்புறம் போடு" என்று சொல்லி டெஸ் காருக்கு அடியில் போனார்.

டெஸ் நிற்கிற இருட்டு மூலையில் நான் போய் நின்றேன். சிரில் கிரேன் பிடியில் கை வைத்து என்னைப் பார்த்தார். காரையோ சங்கிலியையோ அவர் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்தார். எனக்கு உடனே புரிந்தது.

அடியிலிருந்து "மேலே" என்றார் டெஸ்.

சத்தம் வராமல் நான் உதட்டை அசைத்தேன். மேலே.

சிரில் பிடியை அழுத்தினார். எஞ்சின் ஒரு விரற்கடை எழுந்தது. சட்டப்படி நான் பேசக் கூடாது, அதனால் சத்தம் இல்லாமல் சொன்னேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது, ஒரு வார்த்தை இல்லாமல். மேலே, நிறுத்து, மேலே, இடம் தள்ளு. ஏழெட்டுத் தடவை கச்சிதமாக நடந்தது. எனக்குப் பெருமைகூட வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நாசூக்காக நடந்துகொள்கிறேன் என்று நினைத்தேன்.

மூக்கு நன்றாக மேலே ஏறிய பிறகு எஞ்சின் நின்றுவிட்டது. சிரில் அழுத்தினார், சங்கிலி முறுகியது, எஞ்சின் வரவில்லை. ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

"எர்த் பட்டை!" என்று அடியிலிருந்து டெஸ் கத்தினார். "சனியன், அதைக் கழட்ட மறந்துட்டேன்." கியர் பாக்ஸையும் கார் உடம்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற பின்னல் கம்பிப் பட்டை அது. எல்லோரும் மறக்கிற ஒன்று. "கொஞ்சம் இறக்கு. பட்டை தளரட்டும், கழட்டிடறேன்."

இறக்கு, என்றேன் உதட்டால். சிரில் வால்வை மயிரிழை திறந்தார். எஞ்சின் மெதுவாக இறங்கத் தொடங்கியது.

அப்போது நான் குனிந்தேன். அந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான். என் கார், அதனால் ஆசை. எஞ்சினுக்குப் பக்கவாட்டில் தலையை விட்டுக் கீழே பார்த்தேன். டெஸ்ஸின் டார்ச் வெளிச்சமும் இடது கையும் தெரிந்தன. கை கியர் பாக்ஸுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே போனது.

"போதும், நிறுத்து" என்றார் டெஸ். சாதாரணமாகத்தான் சொன்னார். "நிறுத்து. சிரில், நிறுத்துய்யா!"

அதற்கடுத்து வந்தது வார்த்தையாக இல்லை.

நான் தலையைத் தூக்கினேன். சிரில் அதே இடத்தில், அதே மாதிரி, வால்வில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றார். முகம் அமைதியாக இருந்தது. என் முகம் மேலே வருவதற்காகக் காத்திருந்தார். டெஸ் அலறிக்கொண்டிருந்தார், சிரில் என்னைப் பார்த்து, இன்னும் இறக்கட்டுமா என்பது போல் லேசாகப் புருவத்தை உயர்த்தினார்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். நான் கத்தினேன். அவர் என் வாயைப் பார்த்தார், வால்வை மூடினார், நான்கு அழுத்தில் எஞ்சினைத் தூக்கினார். சம்மட்டி பிடித்த கை, ஒரு நொடி வீணாகவில்லை. ஆனால் அதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் நர்ஸ். டெஸ்ஸை இழுத்து வெளியே எடுத்தேன், கையைத் துண்டால் சுற்றி உயர்த்திப் பிடித்தேன், அவர் மனைவியை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொன்னேன். அன்று சாயங்காலமே சுண்டுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் சிரில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். டை அப்படியே இருந்தது, மேலங்கியில் ரத்தம். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அவன் எத்தனை தடவை சொன்னான்?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு தடவை" என்றேன்.

"ஒரே குரல்னு சட்டம், ஆனா நீ எனக்கு எதிர்ல நின்னு உதட்டை அசைச்சே. அவன் குரல் எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நாலு வருஷமா."

"டெஸ்ஸுக்கு?"

"அவருக்கும் தெரியும்."

"எட்னாவுக்கு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் அதையும் படித்துவிட்டார். தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

"நானும் சொல்லலை. என் தப்புத்தான் பெரிய தப்பு. அதை யாரு தலையிலயும் வைக்க மாட்டேன்" என்றார். "ஆனா ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தா? கிரேனை விட்டிருப்பேன். வீட்டுக்குப் போய் ஒரு சாயங்காலம் அழுதிருப்பேன். அவ்வளவுதானே புள்ள? ஒரு சாயங்காலம். அவனுக்கு விரல் இருந்திருக்கும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டும் அடுத்தவரைக் கெடுக்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்று ராத்திரி டெஸ் விழிக்கிற வரை நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். சிரில் முன்பே எழுந்து நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார், ஐந்து மைல்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கொட்டகைக்கு வரவில்லை. என் கார் மூக்கில்லாத முகமாக மூலையில் நின்றது, தொங்கிய எஞ்சினை ட்ரெவர் வந்து முழுதாக வெளியே எடுத்து வைத்தார், அது மரக்கட்டைகள்மேல் சாக்கு போர்த்திக் கிடந்தது. புதுக் கிளட்ச் போட்டு வேறு யாரையாவது வைத்துப் பூட்டிவிடலாம் என்று ட்ரெவர் ஒரு தடவை சொன்னார். டெஸ் அந்தச் சாக்கை இழுத்துச் சரியாகப் போர்த்தினார், அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

எனக்கு ஆத்திரம் எதில் வந்தது தெரியுமா? அதற்கப்புறமும் யாரும் வாயைத் திறக்கவில்லை. "சிரிலுக்கு முதுகுவலி" என்றார் ஒருவர். "குளிர்ல அவரால வர முடியாது" என்றார் இன்னொருவர். டெஸ்ஸின் கையைப் பார்த்தால் வானத்தைப் பார்த்து, இந்த வருஷம் பனி அதிகம் என்றார்கள். நானும் பனி அதிகம் என்று சொன்னேன். இரண்டு விரல் போயும் எனக்குப் புத்தி வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஸ் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "கெளம்பு, சிரில் வீட்டுக்குப் போறோம்" என்றார். எட்னா கதவைத் திறந்தாள். சிரில் சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், டெஸ்ஸின் கையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

டெஸ் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு நேர் எதிரே நின்றார்.

"சிரில், நீ செவிடு" என்றார்.

எட்னா அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக்குள் அந்த வார்த்தை முதல் தடவையாக வந்திருக்கிறது. நான் தரையைப் பார்த்தேன்.

சிரில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார்.

"நான் ரெண்டு விரல் மூளி. சாண்ட்ரா காருக்கு எஞ்சின் இல்ல. மூணு பேரும் இப்படியே எத்தனை நாளைக்குய்யா உக்காந்திருக்கிறது? சனிக்கிழமை வந்து பூட்டிக் கொடு."

"என்னால முடியாது டெஸ்."

"காதால முடியாது. கையால முடியும். பட்டறையில எப்படிச் செஞ்சே? எவன் உன்கிட்ட வாயால சொன்னான்? கையைக் காட்டினான், நீ செஞ்சே. அதே மாதிரி நான் காட்டுறேன்."

"உன் கையைப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாதுடா" என்றார் சிரில்.

"பாக்கணும். வேற வழியில்ல, பாத்துத்தான் ஆகணும். நான் தெனம் பாக்குறேன்ல?"

எட்னா அழ ஆரம்பித்தாள். ஆறு வருஷமாக அவள் தோட்டத்திலிருந்து டெலிபோனுக்கு ஓடி வந்தவள். முந்தானை இல்லாத ஊர், தேநீர்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கணவருக்கு முன்னால் வந்து நின்று, "போயிட்டு வாங்க" என்று ஒவ்வொரு எழுத்தாக உதட்டால் சொன்னாள்.

சனிக்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள், ஒன்பது பேரும். ட்ரெவர் அடியில் போனார், கைகளை எஞ்சினிலிருந்து எட்ட வைத்துக்கொள்ளும்படி டெஸ் மூன்று தடவை சொன்னார். சுவரில் இருந்த சாக்கட்டி எழுத்தை அவரே ஈரத்துணியால் துடைத்தார். அதன் இடத்தில் எதையும் எழுதவில்லை. பிறகு சிரிலுக்கு எதிரே போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சிரிலுக்குக் காது கேக்காது. யாருக்காவது நிறுத்தணும்னா கையைத் தூக்குங்க. யாரு தூக்கினாலும் அவர் நிறுத்துவாரு."

ஒன்பது பேரில் ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

எஞ்சின் தரையிலிருந்து எழுந்தது. கழற்றும்போது வந்த அதே சாய்வில் திரும்பிப் போக வேண்டும், வால் முதலில், மூக்கு கடைசியில். டெஸ் வலது கையால் இறக்கு என்று காட்டினார், சிரில் இறக்கினார். தள்ளு என்றார், நாங்கள் தள்ளினோம். கொட்டகையில் சங்கிலிச் சத்தம் மட்டும்தான், அதுவும் அவருக்குக் கேட்காது. நிறுத்த வேண்டிய ஒவ்வொரு தடவையும் டெஸ் இடது கையைத் தூக்கினார். வேண்டுமென்றேதான் இடது கை. இரண்டு விரலும் கட்டைவிரலும், மற்ற இடத்தில் மழமழவென்று இளஞ்சிவப்புத் தோல். முதல் தடவை சிரிலின் முகம் சுருங்கிப் போனது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கை முழுதாக உயர்வதற்கு முன்னே வால்வு மூடியிருந்தது. நான் எண்ணவில்லை, பத்துப் பதினைந்து தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நாலு மணிக்கு எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்தது, ட்ரெவர் வெளியே வந்தார், பத்து விரலோடு.

சிரில் கிரேன் பிடியைத் துணியால் துடைத்து நிறுத்தினார். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் அவர்தான் அதைப் பிடித்தார், கடைசியாகப் படுக்கையில் விழும் வரை. ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

மற்றவர்கள் தேநீருக்காக உள்ளே போய்விட்டார்கள். நானும் அவரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். கிரீஸ் போகிற மாதிரி இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பதிலைப் படிப்பதற்காக.

"ஒண்ணு கேக்கணும் புள்ள. டெஸ் சொல்லாததும் எட்னா சொல்லாததும் எனக்குப் புரியுது. நாங்க இந்த ஊர்க்காரங்க, எங்களுக்கு வாய் வராது. உங்க ஊர்ல எப்படி? இந்த மாதிரி ஒருத்தன் இருந்தா?"

"முதல் நாளே கேட்டிருப்பாங்க" என்றேன். "என்னய்யா, காது செவிடான்னு தெருவே கேட்டிருக்கும். கூட்டிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட உக்கார வச்சிருப்பாங்க."

"அப்புறம் நீ ஏன் கேக்கலை?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது வருஷம் அந்த ஊரில் இருந்தேன், அவர்கள் தேநீர் குடித்தேன், அவர்கள் காரை ஓட்டினேன், அவர்கள் வைத்த பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன்.

"உங்களை மாதிரி ஆகணும்னு ஆசைப்பட்டேன்."

அவர் என் உதட்டைக் கடைசி எழுத்து வரை பார்த்தார். குழாயை மூடினார். என் கையைத் துடைத்துக்கொள்ளத் தன் துணியைக் கொடுத்தார்.

"ஆயிட்டே" என்றார்.